கோரைக்கு மட்டும் வேறு கணக்கு

மேலூர்ப் பக்கம் எங்கள் வயலில் கோடை மழை ஈரத்திலேயே, பசுந்தாள் உரத்துக்காக மடக்கி உழும் தக்கைப்பூண்டை விதைத்துவிடுவோம். ஏக்கருக்கு 20 கிலோ. கையைச் சுருக்கினால் இடைவெளியில் சாரணைக் களை படர்ந்துவிடும்.

இடுப்பளவு வளர்ந்ததும் உள்ளே குனிந்து பாருங்கள், தரையில் வெயிலே விழாது. முளைத்த களையெல்லாம் வெளிறி, நூல் மாதிரி நெளிந்து கிடக்கும். கோரை மட்டும் நிழலில் இளைக்குமே தவிர, கிழங்கு சாகாது. 'தக்கைப்பூண்டு போட்டால் களையே வராது' என்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்கிறது என்று அர்த்தம்.

பூவெடுக்கும்போது, 45 நாளுக்குள் மடக்கி உழுதுவிட வேண்டும். விட்டால் தண்டு நார் பாய்ந்து, மட்க நாளாகும். இதற்குப் பதில் இன்னொரு பசுந்தாள் பயிரான சணப்பு போடலாமே என்கிறார் மாமா. அவருடைய மேட்டுக்காட்டுக்குச் சரி. தண்ணீர் தேங்கும் எங்கள் வயலுக்கு அது தாங்காது.