சூட்டில் மக்கர் செய்யும் 911எஸ்சி: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

வந்திருப்பது 1981 மாடல் போர்ஷே 911எஸ்சி. ஐரோப்பிய வண்டி, எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் அளக்கும் லாம்ப்டா சென்சார் கிடையாது. 3.0 லிட்டர், காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் இன்ஜின், இயந்திர முறையில் ஓயாமல் பெட்ரோல் பீச்சும் பாஷ் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன். புகார் ஒரே வரிதான்: "சூடானா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது. அணைத்து எத்தனை நிமிஷம் கழித்து அடம் பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் பாதி வழி தாண்டும்.

இந்த வண்டி அணைத்து இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் சாவி போட்டால் தொட்டவுடன் எடுக்கிறது. இருபது நிமிஷத்திலிருந்து முக்கால் மணி வரை நின்றால் தகராறு. நெடுநேரம் செல்ஃப் அடித்தபின் இரண்டு மூன்று சிலிண்டர் மட்டும் பிடித்து உதறும், அப்புறம் மெல்லச் சீராகும். மாலையில் நிறுத்தி மறுநாள் காலையில் எடுத்தால் ஒரு குறையும் இல்லை.

ஓடும்போது பெட்ரோல் ஓயாமல் சுற்றி டேங்குக்குத் திரும்புவதால் லைன்கள் சூடேறுவதில்லை. அணைத்ததும் ஃபேனும் நிற்கிறது, பெட்ரோலும் நிற்கிறது. அலுமினியத்தில் தேங்கிய சூடு மேலே ஏறி இன்ஜெக்டரையும் அதற்குப் போகும் மெல்லிய ஸ்டீல் குழாய்களையும் பிடிக்கிறது. அழுத்தம் இல்லாத பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். லைனில் ஒன்றரை, இரண்டு பார் அழுத்தம் மிச்சமிருந்தால் திரவமாகவே நிற்கும். கே-ஜெட் இன்ஜெக்டர் மின்சாரத்தால் திறப்பதில்லை. ஸ்பிரிங் போட்ட சாதாரண வால்வு அது, மூன்று பார் தாண்டினால் தானாகத் திறக்கும். குழாயில் ஆவி இருந்தால் பம்ப் தள்ளுவதெல்லாம் அந்த ஆவியை அமுக்கவே போகும், இன்ஜெக்டர் வாயைத் திறக்காது.

ஆகவே கேள்வி, அணைத்த பிறகு அழுத்தம் எந்த வழியாகப் போகிறது என்பது. டேங்கை நோக்கிப் போனால் ஆவி, பட்டினி. இன்ஜினுக்குள் போனால் ஓவர்ஃப்ளோ, பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை. இரண்டையும் "சூட்டில் ஸ்டார்ட் ஆகாது" என்றுதான் சொல்வார்கள், ஆனால் வைத்தியம் வேறு வேறு.

ஜூன் 4, செவ்வாய்

பெட்ரோல் பக்கம் போவதற்கு முன் மற்றதைக் கழித்துவிடுவது. சூட்டில் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றினால் அது வேறு வியாதி. இங்கே வேகம் நன்றாக இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.4 வோல்ட். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டையில் வோல்டேஜ் இழப்பு 0.15. பழைய 911-களில் இந்தப் பட்டை பச்சை பூத்துப்போய் எத்தனையோ பேரை அலைய விட்டிருக்கிறது, முதலில் பார்த்துவிடுவது லாபம்.

ஸ்பார்க்குக்கு டைமிங் லைட் போதும். வண்டி அடம் பிடிக்கும் அந்த நேரத்திலேயே பிளக் வயரில் மாட்டி செல்ஃப் அடிக்க வேண்டும். லைட் விடாமல் மின்னியது. ஸ்பார்க் தரும் சிடிஐ மின்பெட்டிகளில் சூட்டில் செத்து ஆறினால் பிழைப்பவை உண்டு, இது அந்த ரகமில்லை.

ஜூன் 6, வியாழன்

இன்று பெட்ரோல் அழுத்தம் அளக்கும் கேஜ். ஆறு இன்ஜெக்டருக்கும் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டரின் தலையில் நடுவே இருக்கும் இணைப்பிலிருந்து, இன்ஜின் சூட்டுக்கேற்ப கன்ட்ரோல் அழுத்தத்தை மாற்றும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்குப் போகும் லைனைக் கழற்றி, கேஜை இடையில் மாட்ட வேண்டும். கேஜின் வால்வு ரெகுலேட்டர் பக்கம் இருக்கணும். திருப்பி மாட்டினால் வாசிப்பு எல்லாமே பொய்யாகிவிடும். லைனைத் தளர்த்தும்போது துணி சுற்றிக்கொள்ளுங்கள், கீழேயே சூடான எக்ஸாஸ்ட் ஓடுகிறது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில்.

இன்ஜின் முழுச் சூட்டில்: வால்வை மூடினால் சிஸ்டம் அழுத்தம் (பம்பிலிருந்து வரும் முழு அழுத்தம்) 4.8 பார், திறந்தால் கன்ட்ரோல் அழுத்தம் (கலவையின் அளவைத் தீர்மானிப்பது) 3.6. இரண்டும் சரி. ஓடும்போது குறை ஒன்றுமில்லை என்று அர்த்தம். இதைப் பார்த்ததும் "பிரஷர் ஓகே" என்று கேஜைக் கழற்றி வைப்பவர்கள்தான் அதிகம். வேலை இனிமேல்தான் ஆரம்பம்.

வால்வைத் திறந்தபடியே விட்டு இன்ஜினை அணைத்தேன். முள் சட்டென்று 2.4-க்கு இறங்கியது. இது குறையில்லை. அணைத்ததும் இன்ஜெக்டர்கள் சொட்டாமல் இருக்க, அவை திறக்கும் அளவுக்குக் கீழே அழுத்தத்தை வேண்டுமென்றே விழவிடும் அமைப்பு இது. அதற்குப் பிறகு அங்கேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை. 5 நிமிஷத்தில் 0.9, 10 நிமிஷத்தில் 0.3, கால் மணியில் பூஜ்யம். இந்த வண்டிக்கு 10 நிமிஷத்தில் குறைந்தது 1.3, 20 நிமிஷத்தில் 1.1 பார் இருக்க வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

கசியும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்கும் நாள். ஒவ்வொரு முறையும் பம்பை ஓடவிட்டு அழுத்தம் ஏற்ற வேண்டும், அதற்கு இன்ஜின் ஓட வேண்டியதில்லை. இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டால் அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் உள்ள பாதுகாப்பு சுவிட்சின் பிளக்கைக் கழற்றி இக்னிஷனைப் போட்டால் பம்ப் ஓடும். அந்தச் சமயத்தில் சென்சார் தட்டைத் தூக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஆறு இன்ஜெக்டரும் பீச்சி சிலிண்டரை நிரப்பிவிடும்.

முதலில் கேஜ் வால்வை மூடினேன், அதாவது வார்ம்-அப் ரெகுலேட்டர் பக்கத்தைத் துண்டித்தேன். இறக்கம் மாறவில்லை. ரெகுலேட்டரும் அதன் ரிட்டர்னை மூடும் புஷ் வால்வும் விடுதலை.

அடுத்து டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் ஹோஸில் கிளாம்ப். இங்கே அழுத்தம் நின்றிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் ஓ-ரிங் போயிருக்கிறது என்று பொருள். சில ரூபாய் ஓ-ரிங்தான். ஆனால் அந்த நட்டைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் ஷிம்களை (மெல்லிய தகடு வளையங்களை) தொலைக்கக் கூடாது. 0.1 மி.மீ. ஷிம் ஒன்று சிஸ்டம் அழுத்தத்தை 0.06 பார் மாற்றும். நமக்கு அந்த வேலை வரவில்லை, இறக்கம் அப்படியே.

மூன்றாவது, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ். பம்ப் நின்ற கணத்தில் இதில் கிளாம்ப் போட்டதும் முள்ளின் ஓட்டம் அடங்கிவிட்டது. பத்து நிமிஷம் கழித்தும் 1.4. பெட்ரோல் பம்ப் வழியாகப் பின்னோக்கி டேங்குக்கே ஓடிக்கொண்டிருந்தது. பம்பின் வெளிவாயில் பெட்ரோலைத் திரும்பி வர விடாமல் தடுக்கும் செக் வால்வு மூடவில்லை.

எச்சரிக்கை: கிளாம்ப் போடுவது டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ்களில் மட்டும். அழுத்தம் ஓடும் ஹோஸ்களை நசுக்கினால் நாற்பது வருஷ ரப்பர் அங்கேயே வெடிக்கும்.

ஜூன் 8, சனி

அக்குமுலேட்டரில் ஒரு பார்வை. இன்ஜின் அறையின் இடப்பக்கம், ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் உருண்டை டப்பா. உள்ளே ஒரு டயஃப்ரம், அதை அழுத்தும் ஸ்பிரிங். அணைத்த பிறகு லைனில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது இதுதான், அதனால் சூட்டு ஸ்டார்ட் புகார் என்றாலே முதலில் இதைத்தான் மாற்றிவிடுகிறார்கள். இந்த வண்டியிலும் பளபளவென்று புதுசாக உட்கார்ந்திருக்கிறது. விலையுயர்ந்த பாகம், பிரச்சினையோ அப்படியே.

சோதனைக்குச் செலவே இல்லை. ஸ்பிரிங் பக்கத்திலிருந்து ரிட்டர்னுக்குப் போகும் சின்ன ஹோஸைக் கழற்றி, ரிட்டர்ன் பக்கத்து வாயை அடைத்துவிட்டு பம்பை ஓட்டுங்கள். டப்பாவிலிருந்து பெட்ரோல் வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. காய்ந்திருந்தால் தொடாதீர்கள். காய்ந்திருந்தது.

ஜூன் 10, திங்கள்

செக் வால்வு மாற்றம். பம்ப் வண்டியின் முன்பக்கம் அடியில், டேங்குக்குக் கீழே இருக்கிறது. டேங்க் 80 லிட்டர். உறிஞ்சும் ஹோஸில் கிளாம்ப் போடாமல் ஸ்பேனரை எடுத்தால் அத்தனையும் கை வழியாக வரும். பேட்டரி எர்த்தை முதலில் கழற்றிவிடணும்.

வெளிவாயின் பாஞ்சோ நட்டைத் தளர்த்தும்போது பம்பின் அறுகோணப் பகுதியை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்வது கட்டாயம், இல்லாவிட்டால் பம்ப் மூடியே திருகிக்கொள்ளும். சீல் வாஷர்கள் எல்லாம் புதுசு. பழையதைத் தீட்டிப் போட்டால் 5 பாரில் வியர்க்கும்.

கழற்றிய வால்வை வெளிச்சத்தில் பார்த்தால் அடைப்பானின் முனையில் வளையமாக ஒரு பள்ளம், நகத்தால் தடவினாலே தட்டுப்படுகிறது. பள்ளத்தில் ஒரு ஓரமாகத் துரு மணல் போல ஒட்டியிருந்தது. டேங்க் அடியில் வடிகட்டி வலை இருக்கிறது. அதைக் கழற்றிக் கழுவாமல் புது வால்வைப் போட்டால் அடுத்த மணல் இதில் வந்து உட்காரும். வலையில் துரு இருந்தது, கழுவியாயிற்று.

ஜூன் 12, புதன்

மறுபடி கேஜ். அணைத்ததும் 2.4. 10 நிமிஷத்தில் 1.5. 20 நிமிஷத்தில் 0.9. முதல் அளவு தேறியது, இரண்டாவது தேறவில்லை. கூடவே ஒரு புது அறிகுறி: அரை மணி கழித்து செல்ஃப் அடித்தால் வண்டி எடுக்கிறது, ஆனால் பெட்ரோல் வாடையோடு, ஒரு கொத்து கறுப்புப் புகையோடு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் சீக்கிரம் தெளிகிறது. இது பட்டினியில்லை, ஓவர்ஃப்ளோ.

பெரிய கசிவு இருந்தவரை சின்னக் கசிவு தலைகாட்ட வழியில்லை. அழுத்தமெல்லாம் சில நிமிஷத்தில் டேங்குக்கே போய்விட்டதால் இன்ஜின் பக்கம் சொட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது பின்வாசல் மூடியதும் முன்வாசல் தெரிகிறது. செக் வால்வு மாற்றி "இன்னும் சரியாகலையே" என்று அதையே சந்தேகப்படுவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கும்.

சந்தேகம் இரண்டு: ஆறு இன்ஜெக்டரில் ஏதாவது ஒன்று, அல்லது கோல்ட் ஸ்டார்ட் வால்வு.

ஜூன் 13, வியாழன்

கோல்ட் ஸ்டார்ட் வால்வு ஏர்பாக்ஸில் கை நுழையாத இடத்தில் இருக்கிறது. குளிரில் மட்டும் சில வினாடி பீச்ச வேண்டியது, சூட்டில் அதற்கு வேலையே கிடையாது. ஆனால் சிஸ்டம் அழுத்தம் எப்போதும் அதன் வாயில் நிற்கும். கழற்றாமலே பரிசோதிக்கலாம்: டிஸ்ட்ரிபியூட்டரில் அதற்குப் போகும் லைனைப் பிரித்து, அந்த வாயை அதே மரை கொண்ட அடைப்பு போல்ட்டும் புது வாஷரும் போட்டு மூடிவிட வேண்டும்.

மூடியபின்: 10 நிமிஷத்தில் 1.9, 20 நிமிஷத்தில் 1.7, அரை மணியில் 1.5. சூட்டில் வாடையின்றி எடுத்தது. ஆள் அகப்பட்டான்.

இன்ஜெக்டர்களையும் உருவி ஆறு கண்ணாடி ஜாரில் தொங்கவிட்டுப் பார்த்தேன், வால்வு ஒழுகினால் அவை யோக்கியம் என்று ஆகிவிடாது. மிச்ச அழுத்தத்தில் ஒரு சொட்டும் இல்லை. திரும்பப் பொருத்தும்போது ரப்பர் ஓ-ரிங்குகள் புதுசு, ஆறும் கல்லாக இறுகியிருந்தன. அந்த இறுகிய ஓ-ரிங் வழியே காற்று நுழைந்தால் கலவை மெலிந்து சூட்டு ஸ்டார்ட்டுக்கு அதுவே தனிக் காரணமாகும்.

ஜூன் 17, திங்கள்

கோல்ட் ஸ்டார்ட் வால்வு புதுசு போட்டாயிற்று. வெளியே 34 டிகிரி. அரை மணி நெடுஞ்சாலை, உடனே அணைப்பு, இன்ஜின் மூடி சாத்தியபடி. மூடியைத் திறந்து வைத்துச் சோதித்தால் சூடு வெளியேறிவிடும், சோதனை செல்லாது. 10, 20, 30, 45 நிமிஷ இடைவெளிகளில் எடுத்துப் பார்த்தது, எல்லாவற்றிலும் இரண்டு வினாடிக்குள் பிடித்தது.

ஒரு பின்விளைவு. ஐடிலிங்கில் இப்போது லேசாக வேட்டையாடுகிறது, அதாவது இன்ஜின் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது. ஒழுகிய வால்வு ஓடும்போதும் கலவையைக் கெட்டியாக்கியிருக்கிறது. அதைச் சரிக்கட்ட யாரோ கலவையைத் திருத்தும் சிஓ ஸ்க்ரூவை மெலிவுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். ஒழுகல் நின்றதும் அந்த மெலிவு வெளியே வந்துவிட்டது. நீளமான 3 மி.மீ. ஆலன் கீ, வலப்பக்கம் திருப்பினால் கெட்டி, இடப்பக்கம் மெலிவு. ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்றுக்கும் குறைவு. திருப்பும்போது கீழே அழுத்தினால் சென்சார் கையே அசைந்து வாசிப்பு கெடும். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் கீயை எடுத்து, துளையை மூடி, ஒருமுறை ஆக்சிலரேட்டரைத் தட்டிவிட்டு சிஓ மீட்டரைப் பார்க்க வேண்டும். கீ உள்ளே இருக்கும்போது ரேஸ் பண்ணினால் சென்சார் தட்டு மேலே எழும்போது கீ மாட்டிக்கொண்டு கை வளைந்துபோகும்.