வந்து சென்ற சின்ன நிலவு

2020 பிப்ரவரி 15 அன்று, அரிசோனாவின் மவுண்ட் லெம்மன் ஆய்வகத்தில் வானியலாளர் இருவர் நகரும் மங்கிய புள்ளியொன்றைக் கண்டார்கள். ஒரு மீட்டர் சொச்சமே அகலமுள்ள அந்தக் கல், பூமியின் ஈர்ப்பில் சிக்கி, ஈராண்டுக்கு மேலாக யார் கண்ணிலும் படாமல் நம்மைச் சுற்றிவந்தது என்பது பின்னர்க் கணக்கிட்டபோதுதான் தெரிந்தது; இன்றும் என்னை வியக்கவைப்பது இதுதான்.

கைவிடப்பட்ட ராக்கெட் பாகமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் உள்ளீடற்ற உலோகக் கூட்டைச் சூரிய ஒளியின் அழுத்தம் வெகுவாகத் தள்ளிவிடும். 2020 சிடி3 எனப் பெயரிடப்பட்ட இதுவோ பாறைக்குரிய அளவே விலகியது, அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்த நிறமாலையும் சிலிக்கேட் (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம்) பாறையை ஒத்திருந்தது. கண்டறிந்த சில வாரங்களிலேயே அது சூரியனைச் சுற்றப் போய்விட்டது.

வானம் முழுவதையும் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் சிலியின் ரூபின் வானாய்வகம், இதுபோல் பூமியிடம் சிக்கும் அடுத்த கல்லை முன்கூட்டியே கண்டுபிடித்தால், அதற்கொரு விண்கலம் அனுப்ப வேண்டும் என்பது என் பெருவிருப்பம்.