ஃபேஷன் இதழ்களில் கோடு செய்யும் வேலை

இன்றைய ஃபேஷன் இதழ் எதையாவது எடுத்துப் புரட்டினால், ஓவியம் பெரும்பாலும் ராசிபலன் பக்கத்திலோ, வாசகர் கேள்வி பதிலிலோ, அழகுக் குறிப்புகளின் ஓரத்திலோதான் கண்ணில் படும். ஆடையைக் காட்டும் பெரிய பக்கங்கள் முழுவதும் புகைப்படத்தின் வசம் இருக்கின்றன. இதழில் ஓவியம் குறைந்துவிட்டதே என்பதல்ல என் வருத்தம். ஆடையைப் பார்த்து, அதைப் பற்றி ஏதேனும் சொல்லும் பொறுப்பு ஓவியரிடமிருந்து எடுக்கப்பட்டு, பக்கத்தை அலங்கரிக்கும் வேலை மட்டும் அவருக்கு மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே வருத்தம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை வேறாக இருந்தது. பாரிஸிலும் லண்டனிலும் வெளிவந்த பெண்கள் இதழ்களும், அமெரிக்காவில் 1830-இல் தொடங்கிய ‘கோடீஸ் லேடிஸ் புக்’ இதழும், தகட்டில் செதுக்கி அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டிய ஆடைப் படங்களை நம்பியே விற்றன. வாசகி அந்தப் படத்தைத் தையற்காரியிடம் கொண்டுபோய்க் காட்டுவாள் என்பதால், கை எங்கே இணைகிறது, மடிப்பு எத்தனை, விளிம்பில் எந்த வகை லேஸ் என்பவற்றில் ஓவியர் தவறக் கூடாது. ஒரு படத்தில் இரண்டு பெண்களை வரைந்து, ஒருத்தியை நமக்கு முதுகு காட்டி நிற்கவைக்கும் வழக்கத்துக்கும் காரணம் அதுதான்: பின்புறத் தையலையும் காட்டியாக வேண்டும். பிரெஞ்சு இதழ்களுக்கு வரைந்த எலோயீஸ் லெலுவார், அனாயிஸ் தூதூஸ், லோர் நோயல் ஆகிய மூன்று சகோதரிகளும் ஓவியர் அலெக்சாந்தர் கோலனின் மகள்கள். இந்த வகைப் படங்களில் முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே, உணர்ச்சி எதுவுமின்றி இருக்கும். அதை ஓவியரின் திறமைக் குறைவாக நான் எண்ணுவதில்லை. முகம் பேசத் தொடங்கினால் துணி அடங்கிப்போய்விடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தகவல் சொல்பவர் கருத்துச் சொல்பவராக மாறியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரே, தம் ஆடைகளை வரைந்து தொகுப்பாக வெளியிடும்படி 1908-இல் போல் இரீபையும் 1911-இல் ஜோர்ஜ் லெபாப்பையும் அமர்த்தினார். அந்த வெற்றியின் தொடர்ச்சியாக, 1912-இல் லூசியன் வோகெல் ‘கசெத் து போன் தோன்’ என்ற இதழைத் தொடங்கினார். அதன் படங்கள் போஷ்வார் முறையில் உருவானவை: ஒவ்வொரு நிறத்துக்கும் மெல்லிய உலோகத் தகட்டில் தனித்தனியே வடிவம் வெட்டி, தாளின் மேல் வைத்து, தூரிகையால் கையாலேயே வண்ணம் தடவுவார்கள். அதனால் நிறங்கள் நிழலின்றித் தட்டையாகவும் அடர்த்தியாகவும் அமைந்தன. இடுப்பை இறுக்காமல் தோளிலிருந்து நேராக இறங்கிய புவாரேயின் ஆடைகளுக்கு அந்தத் தட்டைத்தன்மை வெகுவாகப் பொருந்தியது. இந்த இதழைப் பற்றி நான் மிகவும் விரும்பும் செய்தி ஒன்று உண்டு. அதன் படங்களில் பெரும்பகுதி பாரிஸ் தையலகங்களின் ஆடைகளைக் காட்டினாலும், சில படங்களில் ஓவியர்கள் தாங்களே கற்பனை செய்த, எவரும் தைத்திராத ஆடைகளை வரைந்தார்கள். வடிவமைப்பாளருக்குச் சமமாக ஓவியரையும் உட்காரவைத்த இதழாசிரியர்கள் அதற்குப் பிறகு மிகச் சிலரே. முதல் உலகப் போரால் இடையில் நின்று, மீண்டும் தொடங்கி, 1925-இல் அது முடிந்துபோனது.

அதன் பிறகு நடந்தது ஓரளவு எதிர்பார்க்கக்கூடியதுதான். ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ அட்டைகளை 1915 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் எர்தே வரைந்தார். அவை கண்ணைப் பறிக்கும் படங்கள் என்பதில் ஐயமில்லை, ஆனால் அவற்றைப் பார்த்து யாராலும் ஓர் ஆடையைத் தைத்துவிட முடியாது. ஆடையைத் தெளிவாகக் காட்ட வேண்டிய இதழாசிரியருக்கும், படத்தை நன்றாக அமைக்க விரும்பிய ஓவியருக்கும் இடையே இழுபறி வளர்ந்த காலத்தில், பொத்தான்கூட விடுபடாது என்ற உறுதியோடு கேமரா வந்து நின்றது. 1932 ஜூலையில் எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த வண்ணப் புகைப்படம் ‘வோக்’ அட்டையில் வெளிவந்தது. ஓவிய அட்டைகள் அன்றோடு நின்றுவிடவில்லை என்றாலும், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அவை அரிதாகிவிட்டன.

கேமரா அளித்த உறுதி பாதிதான் உண்மை. புகைப்படம் எதையும் விடுவதில்லை என்பதே அதன் வலிமை. ஆடையைப் பொறுத்தவரை அதுவே அதன் சிக்கலும்கூட. மாடலின் முகம், பின்னணிக் கட்டடம், மாலை வெயில் என எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வந்து அமர்ந்துகொள்ள, பக்கத்தைத் திருப்பிய பிறகு நமக்கு நினைவிருப்பது பல நேரங்களில் ஆடையாக இருப்பதில்லை. ஓவியரோ ஒவ்வொரு கோட்டையும் வரையத் தீர்மானித்து வரைகிறார். வரையாமல் விட்டதையும் தீர்மானித்தே விடுகிறார். 1940-களின் இறுதியில் கிறிஸ்தியான் தியோரின் ஆடைகளை வரைந்த ரெனே குரூவோ, தடித்த கறுப்புக் கோட்டாலும் ஒரு சிவப்புத் திட்டாலும், சரிந்த தோள், ஒடுங்கிய இடுப்பு, அகன்ற பாவாடை ஆகியவற்றின் விகிதத்தைச் சொல்லி முடித்துவிடுவார். அந்த ஆடையின் புதுமை அந்த விகிதத்தில்தான் இருந்தது, மற்றவை விவரங்கள். துணியின் தன்மையும் அப்படியே. ஷிஃபானின் ஊடுதெரியும் மெல்லியல்பை, ஈரத்தாளில் தானாகப் பரவும் நீர்வண்ணம் சொல்லிவிடும். சாட்டினின் பளபளப்புக்கு வண்ணம் தீட்டாமல் விட்ட வெள்ளைத் தாளே போதும். ட்வீடின் சொரசொரப்பை உலர்ந்த தூரிகையின் இழுப்புக் கொண்டுவந்துவிடும்.

ஓவியம் பொய் சொல்லாது என்று நான் வாதிடப்போவதில்லை. இயல்பான மனித உடலின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை அளவு என்றால், ஃபேஷன் ஓவியத்தில் ஒன்பது தலை அளவு வரைவது பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. அந்த நீண்ட கால்களில் எந்த ஆடையும் அழகாகத்தான் விழும். ஆனால் வரைந்த கால் வரைந்ததுதான் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். புகைப்படத்தில் கணினியால் மெலிய வைத்த இடுப்போ, தன்னை உண்மை என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறது.

இடையிடையே மீட்சிகள் இல்லாமல் இல்லை. 1960-களிலிருந்து 1987-இல் மறையும் வரை ஓவியர் அந்தோனியோ லோபஸ் தெருவின் வேகத்தையும் நடன அரங்கின் உடல்களையும் ஃபேஷன் பக்கங்களுக்குள் கொண்டுவந்தார். அண்மையில் பலரும் பேசியது, ‘வோக் இத்தாலியா’வின் 2020 ஜனவரி இதழ். புகைப்படப்பிடிப்புக்காகப் பயணமும் போக்குவரத்தும் மின்சாரமும் எவ்வளவு செலவாகின்றன என்பதைச் சுட்டிக்காட்டிய ஆசிரியர் எமானுவேலே ஃபார்னெத்தி, அந்த இதழின் அட்டைகளையும் ஃபேஷன் பக்கங்களையும் ஓவியர்களிடம் ஒப்படைத்தார். மிச்சமான பணம், 2019 நவம்பர் வெள்ளத்தில் சேதமடைந்த வெனிஸ் நகரின் குவெரீனி ஸ்தம்பாலியா அறக்கட்டளைக்குச் சென்றது. நல்ல செயல்தான். ஆயினும் சுற்றுச்சூழலுக்காக ஓவியத்தை அழைத்ததில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது: புகைப்படத்தைக் கைவிடுவதற்கான காரணம் அங்கே சொல்லப்பட்டதே தவிர, ஓவியத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணம் சொல்லப்படவில்லை. அடுத்த மாதமே கேமரா திரும்பி வந்ததில் வியப்பில்லை.

ஓவியருக்கு அட்டைகூட வேண்டாம் என்பேன். ஆடைக் காட்சியின் முன்வரிசையில் ஓர் இருக்கையும், இதழின் நடுவில் நான்கு பக்கங்களும் கொடுக்கலாம். 1990-களில் டேவிட் டவுன்டன் பாரிஸ் காட்சிகளுக்குச் சென்று வரைந்தது, அந்த வேலை இன்னும் உயிரோடிருப்பதற்குச் சான்று. பக்கத்தை வடிவமைப்பவர் ‘அழகாக ஏதாவது வரைந்து கொடுங்கள்’ என்று கேட்பதற்குப் பதிலாக, இந்தப் பருவத்தில் தோள்பட்டை எப்படி மாறியிருக்கிறது, இந்தத் துணி நடக்கும்போது எப்படி அசைகிறது என்று கேட்க வேண்டும். படத்தின் கீழே, புகைப்படத்துக்குப் போடுவதைப் போலவே, துணியின் பெயரையும் வடிவமைப்பாளரின் பெயரையும், ஓவியரின் பெயரை அதே அளவு எழுத்திலும் அச்சிட வேண்டும்.