பால்சா விமானம்: இறக்கை முடிந்தது

ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட ரிமோட் விமானம், பால்சா என்ற லேசான மரத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் கிட். இறக்கையை ஒட்டி முடித்துவிட்டேன். இறக்கை கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் ஒரு பக்கம் அதிகமாகத் தூக்கும். அப்புறம் பறக்கிற நேரமெல்லாம் ரிமோட்டில் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் இதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன்.

வளையாத பலகை கேட்டு எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். பால்சாத் துண்டை வாங்கிப் பார்த்தவர், "என்னடே மக்கா, இது மரமா நெட்டியா?" என்றார். மரம்தான், நம் இலவ மரத்தின் குடும்பம். பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. நகம் பட்டால் குழி விழும். ஆனால் நார் ஓடும் திசையில் எடைக்கு மீறிய பலம். அவர் தந்த பழைய ஃபிளஷ் கதவின் மேல் சாஃப்ட் போர்டு, அதன் மேல் பிளான் (விமானத்தின் வரைபடம்), பசை ஒட்டாமல் இருக்க ஒரு பாலித்தீன் தாள். குண்டூசி குத்தி வேலை செய்ய அருமையான மேடை.

ஸ்பார் குச்சிகளில், அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடிப் பாரம் தாங்கும் குச்சிகளில், ஒரே மாதிரி வளைபவற்றை இடதுக்கும் வலதுக்கும் ஜோடி சேர்த்தேன். மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே வரும் சிறு தகடுகளில் நார் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாக ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பாரம் ஏறும்போது இரண்டு ஸ்பாரும் நெருங்கி நசுங்கிவிடும். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்கு விலாவான ஒவ்வொரு ரிப்புக்கும் இடையே தனித்தனியாக வெட்டி ஒட்டுவது பொறுமையைக் கேட்கிற வேலை. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான்.

நம் குமரி மாவட்டத்துச் சாரல் காலத்தில் பசைதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஃபெவிகாலில் தண்ணீர் இருப்பதால் மெல்லிய பால்சா ஒரு பக்கமாக ஊறி வளையும். ஈரக் காற்றில் காயவும் நேரமாகும். பாரம் வைத்து, மறுநாளும் அசைக்காமல் விட்டேன். சூப்பர் குளூ நேர் எதிர். அது இறுகுவதே காற்றின் ஈரத்தால் என்பதால் சட்டென்று பிடிக்கும், திறந்த பாட்டிலும் சீக்கிரம் கெட்டியாகும். மூடி இறுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

அடுத்து உடல் பகுதி, மேலே போர்த்தும் ஃபிலிம் ஒட்டுதல், ரிமோட்டுக்கு ஏற்ப வால், இறக்கைத் தகடுகளை அசைக்கும் சர்வோ, மோட்டார். கடைசியில் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, எடை மையம் இறக்கை அகலத்தில் முன் விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள் விழும்படி பார்க்க வேண்டும். வால் கனத்தால் விமானம் கைக்கு அடங்காது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இப்போது வீசும் காற்று முப்பந்தல் காற்றாலைகளுக்குத்தான் சரி. மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்ததும், வயல்காரரிடம் கேட்டுக்கொண்டு, காற்று எழும்பாத காலை நேரத்தில் பறக்கவிட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.