53 ஓம் காட்டியதை நம்பி மூன்று நாள் போனது

பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலில் (சூடேற்றும் குழாய்) மிடில் ஸோன் 190 டிகிரியிலேயே உட்கார்ந்துவிட்டது. செட் பண்ணியிருந்தது 230. கோவை கணபதியில் எங்களிடம் இருப்பது பழைய இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷின், பிபி (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக் மூடிகள் ஓட்டுகிறோம். ஃப்ரண்ட்டும் ரியரும் வழக்கம்போல ஏறிவிட்டன, நடுவில் மட்டும்தான் இந்தத் தகராறு.

மெயினை இறக்கி, பேனலில் அந்த ஸோனின் ஹீட்டர் ஒயர் இரண்டையும் கழற்றி மீட்டர் வைத்தேன். 53 ஓம். பேரலைச் சுற்றி வளையமாக மாட்டும் எங்கள் பேண்டு ஹீட்டர் 1000 வாட், 230 வோல்ட். 230-ஐ 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 52.9 வரும். கணக்கு அச்சாக ஒத்துப்போனதால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். மூன்று நாளும் பணமும் போனது அந்த ஒரு முடிவால்தான்.

ஹீட்டர் இல்லையென்றால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர்தான் என்று, மறுநாள் அதைக் கழற்றிக்கொண்டு டவுன்ஹால் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். பழைய கண்ட்ரோலரைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "இதுதான் சார் போயிருக்கும், புதுசு போடுங்க, எல்லா மெஷினுக்கும் செட் ஆகும்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் சென்சார் ஜே டைப்பா கே டைப்பா என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாட்டியதும் மளமளவென்று 230 காட்டியது. அப்பாடா என்று பிளாஸ்டிக்கைத் தள்ளும் ஸ்க்ரூவை ஓட்டினால் மோட்டார் முக்குகிறது, மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலே விழுகிறது. இரண்டாவது முறையும் விழுந்ததும் நிறுத்திவிட்டேன். பாதி உருகிய பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டினால் ஸ்க்ரூவே உடைந்துவிடும், அதன் விலைக்கு முன்னால் கண்ட்ரோலர் எல்லாம் ஒன்றுமே இல்லை.

சந்தேகப்பட்டு அந்த தெர்மோகப்பிளை ஃப்ரண்ட் ஸோன் கண்ட்ரோலரில் மாட்டிப் பார்த்தேன். 180! எங்கள் மெஷினில் இருப்பது ஜே டைப், புதுக் கண்ட்ரோலரோ கே டைப் செட்டிங்கில் வந்திருந்தது. அதே சூட்டுக்கு ஜே கூடுதல் மில்லிவோல்ட் தரும், அதை கே என்று படித்தால் 180 டிகிரி 230-ஆகத் தெரியும். செட்டிங்கை மாற்றினேன், பழையபடி 190-இல் போய் நின்றது. இந்த மாற்றி மாட்டும் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் கடைக்கே போயிருக்க வேண்டாம். நீங்களாவது எதையும் வாங்கும் முன் பக்கத்து ஸோனோடு மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் காலை, முன்பு எங்களுக்கு வேலை பார்த்த வயதான எலக்ட்ரீசியனைப் போனில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கண்ணு, அந்த ஸோன்ல பேண்டு எத்தனை?"

இரண்டு. இரண்டும் பேரலல் (பக்க இணைப்பு). அப்படியென்றால் பேனலில் 26.5 ஓம் காட்ட வேண்டும். 53 காட்டினால் ஒன்று ஓப்பன், அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது! கிளாம்ப் மீட்டரை ஒரு ஒயரில் மாட்டினேன், 8.7 ஆம்ப் இழுக்க வேண்டிய இடத்தில் 4.3.

மெயினை இறக்கி, ஆறவிட்டு, கவரைக் கழற்றினேன். இரண்டாவது பேண்டின் டெர்மினலில், ஒயர் முனையில் மாட்டும் உலோக லக் கறுத்துக் கிடந்தது, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. யாரோ முன்பு சாதாரண பிவிசி ஒயர் போட்டிருக்கிறார்கள். இன்சுலேஷன் கருகி அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. பேண்டைத் தனியாக அளந்தேன், 53 ஓம், முழுசாக இருக்கிறது. போனது ஒரு லக்கும் ஒரு முழ ஒயரும் மட்டுமே.

சூடு தாங்கும் கிளாஸ் ஸ்லீவ் ஒயரும் புது லக்கும் போட்டு முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் ஒரு தடவை சூடேற்றி, மெயினை இறக்கிவிட்டு, பேண்டின் கிளாம்ப் ஸ்க்ரூவை மறுபடி முறுக்கினேன். சூட்டில் பேண்டு விரிந்து தளரும், பேரலோடு ஒட்டாத இடத்தில்தான் ஹீட்டர் எரிந்துபோகும். இன்னொன்று, உங்கள் மெஷினில் எஸ்எஸ்ஆர் (ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) இருந்தால் கண்ட்ரோலர் ஆஃப் காட்டுகிறதே என்று டெர்மினலில் கை வைக்காதீர்கள். எஸ்எஸ்ஆர் ஆஃபில் இருந்தாலும் கொஞ்சம் கசியும், பல மெஷின்களில் அது ஒரு லைனை மட்டும்தான் வெட்டும். மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள்.

அன்று சாயங்காலமே 230 வந்து மூடிகள் விழ ஆரம்பித்தன. பேனல் கதவின் உட்பக்கம் ஒவ்வொரு ஸோனுக்கும் எத்தனை பேண்டு, எத்தனை ஓம், எத்தனை ஆம்ப் என்று மார்க்கரால் எழுதி வைத்துவிட்டேன். கண்ட்ரோலரைத் திருப்பி எடுக்க அந்தக் கடை ஒத்துக்கொள்ளவில்லை. ஜே டைப்புக்கு மாற்றி, ஸ்பேராக வைத்திருக்கிறேன்.