லப்டொப் திருத்தும் மேசைக் குறிப்புகள்: கிளிநொச்சி, 2025 ஒக்டோபர் முதல்

2025 ஒக்டோபர் 11, சனி

வாற செவ்வாய், 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்துகிறது. "அதுக்குப் பிறகு லப்டொப் வேலை செய்யாதாமே அண்ணை?" பரந்தனிலிருந்து வருபவரும் இதையே கேட்கிறார், மாங்குளத்திலிருந்து வருபவரும் இதையே கேட்கிறார். வேலை செய்யும். பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. வங்கிக் கணக்கை அதில் திறப்பவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்க முதலில் புரொசெசரின் பெயரைப் படிக்க வேண்டும். இன்டெல்லில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் தலைமுறை. ஐ5-7200யூ என்றால் 7, ஐ5-8250யூ என்றால் 8. எண் 1இல் தொடங்கினால் முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: ஐ5-1135ஜி7 என்றால் 11. பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஏறாது. அதற்கு மேலே இருந்தும் "தகுதி இல்லை" என்று வந்தால், பெரும்பாலும் பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் அணைந்திருக்கும், அல்லது பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருப்பார்கள்.

7ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் உடனே புதிதாய் வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருந்தால், அப்டேட் பக்கத்தில் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்துக்குப் பதிவு செய்யலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டொலர். 2026 ஒக்டோபர் 13 வரை காணும்.

2025 ஒக்டோபர் 16, வியாழன்

புதுசா, பழசா? கடையில் பெட்டி உடைக்காமல் கிடைக்கும் மலிவான லப்டொப்பின் உள்ளே பார்த்தால் செலரோன் என்4020 புரொசெசர், 4 ஜிபி றாம், 64 அல்லது 128 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்பு. இரண்டு கோர் மட்டுமே. பல மாடல்களில் றாமும் சேமிப்பும் மதர்போட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியவை: கூட்டவும் ஏலாது, பழுதானால் மாற்றவும் ஏலாது. குரோமில் நாலு பக்கம் திறந்து ஒரு சூம் வகுப்பும் ஓடினால் திணறும். இதைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதை நான் ஒருநாளும் பரிந்துரைக்கமாட்டேன்.

அதே காசுக்குக் கிட்ட, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த லப்டொப்புகள் வருகின்றன. லெனோவோ திங்க்பாட் டி480, டெல் லாடிடியூட் 5490, எச்பி எலிட்புக் 840 ஜி5. மூன்றும் 8ஆம் தலைமுறையில் கிடைப்பவை, 14 அங்குலம். மூன்றிலும் டிடிஆர்4 றாமுக்கு இரண்டு இடம் உண்டு. ஐ5-8250யூ என்றால் நாலு கோர், எட்டு திரெட். பாடசாலை, கிராம சேவகர் அலுவலகம், கடைக்கணக்கு எல்லாவற்றுக்கும் 8 ஜிபி றாமும் 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பும் போதும். அறிவியல்நகர் பொறியியல் பீடத்துக்குப் போகும் பிள்ளை என்றால் 16 ஜிபி போடுங்கள். 8ஐ இரண்டாய்ப் போடுவது ஒற்றை 16ஐ விட வேகம்.

காசு கொடுக்க முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை, இதே ஒழுங்கில்:

முதலில் பயோஸ். லெனோவோவுக்கு எஃப்1, டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10. கடவுச்சொல் கேட்டால் எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள். பழைய நிறுவனத்தின் பூட்டு அது, விண்டோஸை மாற்றிப் போட்டாலும் போகாது.

பிறகு பற்றரி. கொமாண்ட் புரொம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, பற்றரிரிப்போர்ட் என்று கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கபாசிட்டி 68,000, ஃபுல் சார்ஜ் கபாசிட்டி 31,000 என்று இருந்தால் அரைவாசிக்கு மேல் போய்விட்டது. விலையில் ஒரு பற்றரிக் காசைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

டெல் என்றால், நிறுத்திய நிலையில் டி விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்துங்கள். திரை ஒவ்வொரு நிறமாய் நிரம்பும். புள்ளி, கோடு, மஞ்சள் கறை எல்லாம் அப்போது தெரியும். டி480 பல விதத் திரைகளோடு வந்தது. 1366க்கு 768 என்றால் பக்கவாட்டில் பார்க்க நிறம் வெளிறும். 1920க்கு 1080ஐக் கேட்டு வாங்குங்கள்.

டி480இல் இன்னொன்று: யூஎஸ்பி-சி துளை. சார்ஜும் அதால்தான். அதை இயக்கும் தண்டர்போல்ட் ஃபேர்ம்வெயர் என்ற உள்மென்பொருளில் இருந்த கோளாறால் அந்தத் துளை செயலிழக்கும். திருத்தத்தை லெனோவோவே வெளியிட்டிருக்கிறது. வாங்கிய அன்றே அப்டேட் செய்யுங்கள். துளைக்குள் வயர் ஆடினால், அது ஈயம் விட்ட கோளாறு, அப்டேட்டுக்குச் சரிவராது.

2025 ஒக்டோபர் 23, வியாழன்

"ஒரே ஸ்லோ, விண்டோஸை மாத்துங்கோ" என்று வந்த டெல். மாற்றத் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரில் சிபியூ வேகத்தைப் பார்த்தால், 1 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழேயே நிற்கிறது. அடப்டரைக் கழற்றினால் உடனே 3க்கு மேலே ஏறுகிறது. குற்றவாளி அடப்டர்.

டெல்லின் 7.4 மில்லிமீட்டர் முனைக்குள் ஊசிபோல ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. "நான் 65 வொட் அடப்டர்" என்று லப்டொப்புக்கு அறிவிப்பது அதன் வேலை. அது வளைந்தாலோ, கேபிள் மடியும் இடத்தில் உள்ளே அறுந்தாலோ, லப்டொப் அடப்டரை நம்பாது. பற்றரியைச் சார்ஜ் பண்ணாது, வேகத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். மல்டிமீற்றரில் 19.5 வோல்ட் சரியாய்க் காட்டும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. வேறொரு நல்ல டெல் அடப்டரைப் போட்டும் அப்படியே என்றால் உள்ளே இருக்கும் டிசி ஜாக்கை மாற்ற வேண்டும். சின்னப் பாகம்தான்.

இன்றைக்கே இன்னொரு முறைப்பாடு: சார்ஜில் இருக்கும்போது மட்டும் டச்பாட் துள்ளுகிறது, உலோக மூடியில் கை வைத்தால் சுர்ரென்கிறது. லப்டொப்பில் பிழையில்லை, வீட்டில் எர்த் இல்லை. அடப்டருக்குள் இரைச்சலை வடிக்கும் சிறிய கபாசிட்டர் ஒன்றால் கசியும் மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டும். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை ஹோல்டருக்குள் திணித்தால் அதற்குப் போக வழியில்லை. மிகக் குறைந்த அளவென்பதால் ஆளுக்கு ஆபத்துக் குறைவு, ஆனால் டச்பாட் குழம்பும். மூன்று முனை சொக்கட்டுக்கு மாறுங்கள். அப்படியும் சுர்ரென்றால் எர்த் கம்பியைப் பார்க்க வேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை எங்கள் மண் காய்ந்து இறுகுவதால் கம்பி இருந்தும் பலன் குறையும். கம்பியடியில் இடைக்கிடை தண்ணீர் ஊற்றுவது பழைய மின்வேலைக்காரரின் வழக்கம், அதில் காரணம் இருக்கிறது.

இது பின்னேர இடிமழைக் காலம். இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது காணாது, பிளக்கையே கழற்றுங்கள். றூட்டரிலிருந்து நெட்வேர்க் வயர் வந்தால் அதையும். திடீர் மின்வீச்சைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டர் இருக்கிறதென்று இருந்துவிட வேண்டாம். எர்த் இல்லாத வீட்டில் அதன் வேலை அரைகுறைதான்.

2025 நவம்பர் 4, செவ்வாய்

சூடாகி அணையும் டி480. ஒட்டுசுட்டான் பக்கத்து வீதியோர வீடு. மூடியைத் திறந்தால், காற்றாடிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் செம்மண்ணும் பஞ்சும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல ஒரு படலம். வெளியிலிருந்து புளோவர் அடித்தால் அது இன்னும் இறுகும். திறந்துதான் எடுக்க வேண்டும்.

முறை: எஃப்1 அழுத்தி பயோஸுக்குள் போய், கொன்ஃபிக், பவர், அதில் உள்பற்றரியை முடக்கும் தெரிவு. பிறகு வெளிப்பற்றரியைக் கழற்றி, அடியிலுள்ள ஆறு திருகுகளையும் தளர்த்துங்கள். அவை மூடியோடேயே நிற்கும், தொலையாது. மூடியை பிளாஸ்டிக் அட்டையால் சுற்றிவர நெம்புங்கள், ஸ்குரூட்ரைவரால் வேண்டாம். புரொசெசரின் வெப்பத்தை எடுக்கும் ஹீட்சிங்கில் எண் பொறித்திருக்கும், அந்த ஒழுங்கைப் பார்த்துத் தளர்த்தி, பூட்டும்போது 1இலிருந்து சிறிது சிறிதாய் இறுக்குங்கள். புரொசெசர் மேலுள்ள, வெப்பம் கடத்தும் பழைய பசையை ஐசோபுரொபைல் அல்ககோலால் துடைத்து, புதுப் பசை ஒரு மிளகளவு. காற்றாடிக்குத் தூரிகை போடும்போது இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் தாங்கி கெடும்.

இந்தப் புரொசெசர் 100 பாகை செல்சியஸை எட்டினால் தானே வேகத்தைக் குறைக்கும். சும்மா இருக்கும்போதே 80ஐத் தாண்டினால் திறக்க வேண்டிய நேரம்.

குளவியும் ஒரு பிரச்சினைதான். பாவிக்காத யூஎஸ்பி துளையில் மண்கூடு கட்டும். மரக் குச்சியால் மெல்லக் கிண்டுங்கள், உலோகம் கூடாது.

2025 நவம்பர் 12, புதன்

விண்டோஸைப் புதிதாய்ப் போட முன் எழுத்துருக் கோப்புறையையும் கொப்பி பண்ணுங்கள். அலுவலகக் கடிதங்கள் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாவிட்டால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாய்த் தெரியும். கோப்பு கெடவில்லை, பாமினியை நிறுவினால் தமிழ் திரும்பும்.

2025 டிசம்பர் 3, புதன்

டித்வா புயலோடு வந்த வெள்ளம் வடிய, சேறு படிந்த லப்டொப்புகள் வரத் தொடங்கிவிட்டன. அரிசிக்குள் புதைத்து வைத்துக் கொண்டுவருகிறார்கள். அரிசி ஒன்றும் செய்யாது, தவிடும் மாவும் துளைகளுக்குள் போவதுதான் மிச்சம்.

வெள்ளத்தில் மூழ்கியதை ஒருதரம்கூட ஓன் பண்ணிப் பார்க்காதீர்கள். ஈரத்தைவிட, ஈரத்தோடு சேரும் மின்சாரம்தான் செம்பைத் தின்பது. பற்றரி பூட்டியிருந்தாலே போதும், சில மணித்தியாலத்தில் பச்சை படியும். ஆகவே முதல் வேலை பற்றரி இணைப்பைக் கழற்றுவது, பிறகு நாணயம் போன்ற சிறு பற்றரி, பிறகு எஸ்எஸ்டி, றாம். நனைந்த லிதியம் பற்றரியைத் திரும்பப் போடக்கூடாது. மூழ்கிய அடப்டரையும் எறியுங்கள். 230 வோல்ட் உள்ளே 325 வோல்ட் நேர்மின்னாய் நிற்கும் இடத்தில் சேறு இருக்கிறது.

மதர்போட் காய்ந்தால் மட்டும் காணாது, சேற்றின் உப்பு போக வேண்டும். முதலில் காய்ச்சி வடித்த தண்ணீரால் கழுவுங்கள். வாகன பற்றரிக்கு விற்பார்களே, அதே தண்ணீர். அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். பிறகு 99 வீத ஐசோபுரொபைல் அல்ககோலும் மென்மையான பல்துலக்கியும். ஜாக்குகளின் அடியையும் பெரிய சிப்புகளின் ஓரத்தையும் இரண்டு தரம். நிழலில், சாதாரண மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள். வெயிலும் ஹெயார் டிரையரும் வேண்டாம். விசைப்பலகையைக் காப்பாற்ற மெனக்கெடுவதில் பலனில்லை, மாற்றுங்கள்.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் மூழ்கியிருந்தால் நாங்களே தொடுவதில்லை. காற்றுத் துளையால் சேறு உள்ளே போயிருக்கும், ஒருமுறை சுழன்றால் தட்டு கீறுப்பட்டுவிடும். படங்கள் பெறுமதி என்றால் தரவு மீட்கும் ஆய்வுகூடத்துக்கு அப்படியே அனுப்புங்கள்.

2025 டிசம்பர் 9, செவ்வாய்

மதர்போட் செத்த லப்டொப் ஒன்றின் எஸ்எஸ்டியைச் சேறு போகத் துடைத்து யூஎஸ்பி வெளிப்பெட்டியில் போட்டால், 48 இலக்கத் திறப்பு எண் கேட்கிறது. விண்டோஸ் 11இல் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல லப்டொப்புகளில் சேமிப்பைப் பூட்டும் குறியாக்கம் தானாகவே ஓனாகிவிடும், உரியவருக்குத் தெரிந்திருக்காது. எண் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில், சாதனப் பெயரின் கீழ் இருக்கும். எண் கேட்கும் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தும் அங்குள்ளதும் பொருந்த வேண்டும். பல்கலைக்கழகக் கணக்கால் நுழைந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே தேட வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லே மறந்தவர்கள் பழைய சிம்மைத் தேடி எடுங்கள், கணக்கை மீட்கும் குறியீடு பெரும்பாலும் அந்தத் தொலைபேசி எண்ணுக்குத்தான் வரும். திறப்பு எண் கிடைக்காவிட்டால் எந்தக் கடையாலும் அதைத் திறக்க ஏலாது, காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

லப்டொப் நல்லாய் இருக்கும்போதே செட்டிங்ஸில் தனியுரிமையும் பாதுகாப்பும் என்ற பகுதிக்குப் போய் சாதனக் குறியாக்கம் ஓனா என்று பாருங்கள். ஓன் என்றால் அந்த எண்ணைக் கடதாசியில் அச்சடித்து, லப்டொப் பைக்குள் அல்ல, அடையாள அட்டைப் பிரதிகள் இருக்கும் கோப்பில் வையுங்கள்.