நான்கு மணிக் கட்டம்

நான் செவிலியராக இருக்கும் ஐசியூவில் ஒரு நோயாளியின் சார்ட்டில், விடிகாலை நான்கு மணிக் கட்டத்தில் 'இடப்பக்கம் திருப்பப்பட்டார்' என்று எழுதி, கீழே நானே கையெழுத்தும் போட்டிருந்தேன். உண்மையில் அவரை யாரும் திருப்பவில்லை. அந்த நேரத்தில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. எல்லோரும் அங்கே ஓடிவிட்டோம். ஐந்தரைக்கு உட்கார்ந்து விட்டுப்போன கட்டங்களை வரிசையாக நிரப்பினேன். பொய் எழுதுகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. கை தானாக எழுதியது.

அடுத்த வாரம் எங்கள் ஐசியூவில் ஒரு கணக்கெடுப்பு. விடுபடும் செவிலியப் பராமரிப்பை அளக்க 2009-இல் வெளியான 'மிஸ்கேர்' படிவம். விடுபடக்கூடிய 24 வேலைகள், அதற்கான 17 காரணங்கள். உங்களையும் சேர்த்து உங்கள் பிரிவில் எது எவ்வளவு அடிக்கடி விடுபடுகிறது என்பதுதான் கேள்வி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்புவது? 'அரிதாக' என்று டிக் அடித்த பிறகுதான் அந்த நான்கு மணி ஞாபகம் வந்தது.

படிவத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பியாட்ரிஸ் காலிஷ், 2006-இல் வெளியிட்ட ஆய்வில் வேலை விடுபட ஏழு காரணங்கள் சொல்லியிருக்கிறார். ஆள் பற்றாக்குறையை எல்லோரும் சொல்வோம். பட்டியலில் பழக்கமும், விடுபட்டதை நமக்கே ஒப்புக்கொள்ளாத மறுப்பும் இருந்தன. அந்த இரண்டும் எனக்கு நன்றாகவே உறைத்தன. பழகிப்போனது விடுபட்டதாகவே தெரியாது. தெரியாததை எப்படி டிக் அடிப்பது?

ஐசியூவில் இது இன்னும் சிக்கல். மருந்து பம்ப் நின்றால் அலாரம் கத்தும். வாய் வறண்டால் எதுவும் கத்தாது. வென்டிலேட்டரில் இருப்பவரின் வாயைச் சுத்தம் செய்யாமல் விட்டால் கிருமி நுரையீரலுக்கு இறங்கலாம் என்பது எங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் நெருக்கடியில் முதலில் தள்ளிப்போவது அதுதான். அப்புறம் வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரோடு பேசுவது. இந்தப் படிவமே பொது வார்டு வாசனை கொண்டது. நாளுக்கு மூன்று முறை நடக்க வைத்தீர்களா என்கிறது. குழாயோடு மயக்கத்தில் கிடப்பவரை எங்கே நடக்க வைப்பது?

படிவத்தை விட்டுவிட்டு சார்ட்டை வைத்து எண்ணினால் என் நான்கு மணியும் 'செய்தது' கணக்கில்தான் வரும். ஒருவர் நின்று கவனித்தால், அவர் நிற்கும்வரை நாங்கள் ஒழுங்காகத் திருப்புவோம்.

அதனால் பொறுப்பு சிஸ்டரிடம் கேட்டு ஒரு டப்பா வைத்தோம். ஷிஃப்ட் முடியும்போது செய்ய முடியாமல் போனதைச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் வேண்டாம், விசாரணையும் கிடையாது. முதல் சில நாட்கள் காலியாகவே கிடந்தது. ஒரு காலையில் பிரித்தால் ஒரே ஒரு சீட்டு: 'நாலு மணிக்குத் திருப்பவில்லை.' கையெழுத்து என்னுடையது இல்லை.